மனுவில் எழுதாதது

மனு எழுதுகிறவர் நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
சர்வே எண் கேட்டார், உட்பிரிவு கேட்டார்,
பொழியின் நீளம் கேட்டார்.
புளியமரத்துக்கு என்ன வயசு என்றார்.
நான் கட்டிக்கொண்டு வந்தபோதே
ரெண்டு ஆள் கைகோத்தாலும் எட்டாது என்றேன்.
'பழமையான' என்று எழுதிக்கொண்டார்.

எதிர்மனுதாரர் பொங்கியண்ணன்.
ஒரம்பரை இல்லை, பங்காளி இல்லை,
தெற்குக் காட்டுக்காரர், அவ்வளவுதான்.

சிவகிரிக்கு அக்கட்ட
வாய்க்கால் தண்ணி கடைசியாக வந்து நிற்கிற இடம் எங்களது.
நடுவே கிளுவை வேலி.
வேலிக்கு அரை முழம் அவர் பக்கம் மரம்.

ஆவணி பாதியில் தொடங்கும்.
பொழுது தெற்கே சாயச் சாய
உச்சி நிழல் வேலி தாண்டி
என் மஞ்சளுக்குள் இறங்கும்.
மார்கழியில் பதினேழு பார்.
டேப்பின் ஒரு முனையைச் செங்கல்லில் அழுத்தி வைத்து
ஒண்டியாகவே அளந்தேன்.

"மஞ்சளுக்குக் கொஞ்சம் நெழல் நல்லதுதானேம்மா"
என்று தோட்டக்கலை ஆபீசர் சொன்னதை
மனுவில் சேர்க்கவில்லை.

சித்திரையில் நிழல் திரும்பிவிடும்.
ஆடி முடிய உச்சியில் அது அவர் காட்டில்.
களையெடுக்க வந்தவர்கள்
சோத்துப் போசியோடு வேலிச் சந்தில் நுழைந்து
அங்கேதான் உட்கார்ந்து தின்றார்கள்.
நானும்தான்.
அதையும் சேர்க்கவில்லை.

சண்டை நிழலில்கூட மூளவில்லை, வார்த்தையில் மூண்டது.
"ஏனுங்க, நெழலுக்கும் வேலி போடச் சொல்றீங்களா?"
ஆட்கள் முன்னால், சிரித்துக்கொண்டு.
"போடுங்க. இல்லீன்னா
ஆறு மாசத்துக்கு வாடகை குடுங்க" என்றேன்.
"பொம்பள ஒண்டியாப் பண்ணையம் பாத்தா இப்பிடித்தான்"
என்றது அவரா,
அவருக்குப் பின்னால் நின்றவரா, தெரியாது.
மனு அவர் பேரில்தான்.

மறுநாள் வெடியால
வேலிச் சந்தில் முள் வெட்டி அடைத்திருந்தது.

மூன்று வருஷம்.
வி.ஏ.ஓ. வந்தார், ஆர்.ஐ. வந்தார்,
சர்வேயர் வந்து இரண்டு காட்டிலும் மோர் குடித்தார்.
கல் கிடைத்தது,
யாருமே மறுத்திராத இடத்தில்.

உத்தரவு:
பொழிக்கு வடக்கே நீண்ட கிளைகளை மட்டும்
மனுதாரர் தம் செலவில் அகற்றிக்கொள்ளலாம்.
ஐப்பசியில் மிஷின் வாள் வந்தது.
மரத்தூள் புளித்து மணத்தது.
மூன்றாவது கிளையில் ஒரு செம்போத்துக் கூடு,
நல்ல வேளை, காலி.
பொங்கியண்ணன் கடைசிவரை நின்று பார்த்தார்.
பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார்.

தையில் மஞ்சள் வெட்டினோம்.
அந்தப் பதினேழு பாரிலும்
கிழங்கு மற்றதைப் போலத்தான் இருந்தது.
சற்றே சின்னதோ என்னவோ.

இப்போது அவர் மனு போட்டிருக்கிறார்.
ஒரு பக்கம் கழித்ததால்
மரம் தெற்கே சாய்கிறதாம்,
மோட்டார் ரூம் மேல் விழுமாம்.
எழுதிக் கொடுத்தது அதே ஆள்.
அவருக்கு ஐம்பது ரூபாய் ஆகிவிட்டது.
போய் நின்று பார்த்தேன்.
சாய்கிறதுதான்.
கூப்பிட்டுக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும்.

ஒன்று மட்டும் எந்த மனுவிலும் இல்லை.
அடுக்களையில் ஒரு மண்பானை.
மாசி பங்குனியில் என் பக்கம் உதிர்ந்ததை
பொழுதோடு, ஆள் நடமாட்டம் பார்த்துப் பொறுக்கி,
ஓடு உடைத்து, கொட்டை எடுத்து,
கல்லுப்பு போட்டு அடைத்து வைத்தது.
மூன்று வருஷமும் இந்த வீட்டில் ரசம் அதில்தான்.

விசாரணைக்கு வந்த ஆர்.ஐ.
மழைக்கு ஒதுங்கி இங்கேயே சாப்பிட்டார்.
ரசத்தை இரண்டாம் தரம் கையில் வாங்கிக் குடித்துவிட்டு
"நல்ல புளிங்க, எங்க வாங்குனீங்க?" என்றார்.

சந்தையில் என்றேன்.